கேமரா விழுந்த இடம்

...கேமராமேனுக்குக் கை நடுக்கமா என்ன, பத்து நிமிஷம் பார்த்ததற்கே தலை சுற்றிவிட்டது, எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டேதான் மீதியைப் பார்த்தேன் என்று ஒருவன் எழுதியிருந்தான், அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள், ஸ்டீவன் கட்டைவிரலால் அதை மேலே தள்ளினான், இதை ஜெரால்டின் அம்மாவுக்குப் படிக்க முடியாது, அடுத்தது என்ன, அடுத்ததும் அப்படித்தான், பூதம் பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி நடக்கிறது, கொஞ்சம் பயமாக நடக்கச் சொல்லியிருக்கலாம்... இது பரவாயில்லை, இது தன்னைப் பற்றித்தான், இதைப் படித்தால் அம்மாகூடச் சிரிக்கும். கும்மிடிப்பூண்டியில் ஏறும்போதே சன்னலோரம் இடம் கிடைத்திருந்தது, முதல் ஷிப்ட் விட்டு வந்தவர்கள் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள், கவரைப்பேட்டை தாண்டியும் அவன் பதினேழு கருத்துகளைத்தான் கடந்திருந்தான், மொத்தம் நூற்று அறுபத்து மூன்று, அத்திப்பட்டு வருவதற்குள் படித்து முடித்து எது ஆகும் எது ஆகாது என்று பிரித்துவிட வேண்டும். ஜெரால்டின் தங்கை ஏஞ்சல் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள், "அண்ணா, நல்லதா நாலு எடுத்து அம்மாவுக்குப் படிச்சு காமி, மத்ததெல்லாம் வுட்டுடு" என்று. ஆனால் அம்மா சொன்னது வேறு. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, "எல்லாத்தையும் படி நைனா, திட்டிகீறதையும் படி, திட்னாலும் அவனப் பத்தித்தான பேசறாங்கோ."

அவனைப் பற்றித்தானே... ஆமாம், ஜெரால்டைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள், அவன் உயிரோடு இருந்தபோது அவனைப் பற்றி யார் பேசினார்கள், கார் சீட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற பையன், காலர் பட்டனைக் கழுத்துவரை போடுகிற பையன், அவ்வளவுதான். ஸ்டீவன் அதே கம்பெனியில் பேக்கிங். கழிவாகப் போகிற ஸ்பாஞ்சைப் பார்த்து ஒருநாள் ஜெரால்ட் சொன்னான், "மச்சான், இத்த வெச்சு ஒரு பூதம் பண்லாம்டா, நீ உள்ள பூந்துக்கோ, நான் போன்ல புட்ச்சிக்கிறேன், ஒரு பையன் எடுத்த வீடியோ கெடச்ச மாரி படம் ஓடும்." சிரித்தபடியே ஆரம்பித்ததுதான், சூப்பர்வைசரிடம் கேட்டு மூன்று மூட்டை ஸ்பாஞ்சு எடுத்துவந்து, மீன்வலையும் தார்ப்பாயும் வைத்துத் தைத்து, சோழவரம் ஏரிச் சேற்றைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் அது நிஜமாகவே ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. படத்துக்குக் 'கரையேறியது' என்று பெயர் வைத்தான். பேர் போடும் இடத்தில் பூதத்துக்கு யார் பெயரைப் போடுவது என்று கேட்டபோது, 'அதுவாக அதுவே' என்று போடலாம்டா, உள்ளே ஆள் இருக்கிறான் என்றே யாருக்கும் தெரியக்கூடாது என்றான். அப்படித்தான் போட்டிருந்தாள் ஏஞ்சலும். அண்ணன் விட்டுப்போன துண்டுகளை ஒரு வருஷம் உட்கார்ந்து ஒட்டி, போன வாரம் யூடியூபில் ஏற்றியிருந்தாள், நாலாயிரம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள், அந்த நாலாயிரம் பேரில் ஒருவருக்கும் அந்தப் பூதம் இப்போது மின்சார ரயிலில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியாது.

பொன்னேரிக்கு முன்னால் வண்டி நின்றது, ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழி விடுகிறார்கள். கொய்யாப்பழக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். இது நன்றாக இருக்கிறதே... முதல் இருபது நிமிஷம் கேமரா ஆடாமல் நிற்கிறது, பயம் ஏற ஏறக் கை நடுக்கமும் ஏறுகிறது, கடைசிப் பத்து நிமிஷத்தில் பிடிக்கவே முடியாமல் ஆடுகிறது, புது டைரக்டருக்கு இவ்வளவு நுட்பமா, கை தட்டுகிறேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள், யாரோ தமிழ்செல்வி. இதைப் படிக்கலாம், இதை முதலில் படிக்கலாம் என்று நினைத்துக் குறித்துக்கொள்ளப் போனவன் விரலை எடுத்துவிட்டான். படத்தை வரிசையாகத்தான் எடுத்தார்கள். ஜனவரியில் முதல் காட்சி, மே மாதம் கடைசிக் காட்சி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைப் பூசையை ஏமாற்றிவிட்டுப் பைக்கில் சோழவரம் போய், வெயில் ஏறுவதற்குள் ஒரு காட்சி. அப்படியென்றால் கதையில் ஏறியது பயம் இல்லை. ஜனவரியில் ஆடாத கை, மார்ச்சில் ஆடிய கை, மே மாதம் பிடிக்க முடியாத கை... அவனே சொன்னானே, டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாடா இது, கை ஒரே பேஜார் பண்ணுது, நைட் ஷிப்ட் ஒத்துக்கல போல." நானும் ஆமாம் நைட் ஷிப்ட்தான் என்றேன். அந்த டீயை அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான், நான் அதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து பன் தின்றேன். முகம் தெரியாத ஒருத்தி ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டதை, தினமும் பக்கத்தில் நின்றவன் ஐந்து மாதம் பார்க்கவில்லை என்றால் அவனுக்கு என்ன பெயர்.

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்தது, வண்டி நகர்ந்தது, அவன் வேகமாகத் தள்ளினான், அறுபது, எழுபது, எல்லாரும் கடைசியில் அந்த ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள், ஐம்பத்தெட்டாவது நிமிஷம். அந்த விழற இடம் இருக்கே, செத்துட்டேன் ப்ரோ. கேமரா விழுந்து புல்லோடு கிடக்கும்போது வரும் அந்த மூச்சுச் சத்தம், எப்படிப் பதிவு பண்ணீங்க. படம் சுமார், அந்த விழுகிற இடம் மட்டும் நிஜம்... நிஜம் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், இருபது பேர் இருக்குமா, அத்தனை பேரும் புகழ்ச்சியாக. பழைய கார் ரேஸ் ஓடுபாதைக்குப் பின்னால் அந்தப் புல்மேடு, கடைசிக் காட்சி, கேமரா பின்வாங்கிக்கொண்டே போகும், பூதம் முன்னேறும், கேமரா விழும், பூதம் அதன் மேல் குனிந்து நின்று நாற்பது வரை எண்ணிக்கொண்டே உறும வேண்டும், அதுதான் பேச்சு. நாலு அங்குலம் தடிமனான ஸ்பாஞ்சு தலையைச் சுற்றி, கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரண்டு ஓட்டை, அதன் வழியாக வானமும் கொஞ்சம் புல்லும்தான் தெரியும், உள்ளே தன் வியர்வை, தன் மூச்சு, தன் தொண்டை. நாற்பது எண்ணி முடித்துக் கழற்றிப் பார்த்தபோது ஜெரால்ட் எழுந்து உட்கார்ந்திருந்தான், உதட்டில் ரத்தம், நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான், "கல்லு தட்டிச்சுடா" என்றான், கொஞ்ச நேரம் எந்த இடம் இது என்பதுபோல ஏரியைப் பார்த்தான், பிறகு போனை எடுத்து ஓட்டிப் பார்த்து, "செமயா வந்துகீது மச்சான், நடிச்சா இப்டி வராது" என்று சிரித்தான், பல்லெல்லாம் சிவப்பாக. போனின் சின்ன ஸ்பீக்கரில் காற்றும் உறுமலும்தான் கேட்டன.

ஆகஸ்டில் கம்பெனியில், வேலை ஓடிக்கொண்டிருந்த லைனிலேயே விழுந்தான். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இப்படி விழுந்து வலிப்பு வந்திருக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. ஜெரால்ட் இல்லை என்றான், அவனுக்கு நினைவில்லை. டாக்டர் நிமிர்ந்து ஸ்டீவனைப் பார்த்தார், நீங்க கூடவே இருக்கிறவர்தானே. "இல்ல சார், இதான் மொதல் வாட்டி..." அப்படித்தான் சொன்னான், பொய் சொல்லவில்லை, கல் தட்டி விழுந்ததை யாராவது வலிப்பு என்று சொல்வார்களா, அந்த நிமிஷம் அது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை. தலைக்குள் கட்டி, நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அப்புறம் அம்மாவிடம் சொல்லாமல் ஏஞ்சலிடம் மட்டும் சொன்னார். ஆகஸ்டிலிருந்து பின்னோக்கி நாலு மாதம், ஜூலை, ஜூன், மே, ஏப்ரல்... ஸ்டீவன் இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டிருக்கிறான், மே மாதம் என்றால் மூன்று மாதம்தானே, மூன்று மாதம் நாலு ஆகாது, மே மாதம் தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பிப்ரவரியில் அவன் சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூடத் தோளில் அந்தக் கணக்குதான் இருந்தது.

மீஞ்சூர். நிறையப் பேர் இறங்கினார்கள். நூற்று நாற்பத்தொன்றாவது கருத்து, பூவராகவன் என்று பெயர், முகத்துக்குப் பதில் ஒரு நாய்க்குட்டி படம். ஒரு சந்தேகம் நண்பர்களே, ஐம்பத்தெட்டாவது நிமிஷம் கேமரா விழுந்ததும் ஹெட்போனில் கேளுங்கள், கேமராமேன் மெதுவாக டேய் ஸ்டீவா என்கிறான், படத்தில் ஸ்டீவா என்று யாருமே இல்லையே, யாரைக் கூப்பிடுகிறான். அதற்கு ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. ஸ்டீவன் அதை இன்னொரு முறை படித்தான், எழுத்துகள் அப்படியேதான் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் ஹெட்போனை எடுத்துக் காதில் சொருகி, ஐம்பத்தெட்டுக்குத் தள்ளி, வானம் சாய்ந்து புல் வந்து திரை நின்றதும் கண்ணை மூடிக்கொண்டான். ரயில் சத்தம், தன் உறுமல், காற்று, அதற்கு அடியில்... டேய் ஸ்டீவா. அவன்தான். நாக்குத் தடித்து, தூக்கத்தில் எழுப்பினால் பேசுவானே அந்தக் குரல். ஒரு வருஷமாகிவிட்டது இந்தக் குரல் தன்னைக் கூப்பிட்டு, முதலில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, வந்ததற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம்தான், அடக் கடவுளே, நிஜமாகத்தான் கூப்பிட்டிருக்கிறான், பூதத்தை இல்லை, என்னை. ஆனால் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும், நாலு அங்குலம் ஸ்பாஞ்சு, இடி விழுந்தாலும் கேட்காது, ஜெரால்டே அப்படித்தான் சொல்வான், உனக்குச் சொல்றதுக்கு கல்லால அடிக்கணும்டா என்று. கேட்கவில்லை, கேட்டிருக்க முடியாது, அதில் சந்தேகம் இல்லை. அத்திப்பட்டில் இறங்கி, மேம்பாலம் ஏறி, கறிக்கடைச் சந்து வழியாக நடந்து, ஜெரால்ட் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான், கேட்கவில்லை, கேட்டிருக்க முடியாது.

ஜெரால்டின் அம்மா கங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், படிக்கப்போவது அவன்தான் என்றாலும் கண்ணாடி போட்டிருந்தாள். "வா நைனா, இன்னா சொல்றாங்கோ ஊர்ல?" அவன் படித்தான். எலுமிச்சம்பழம் முகர்ந்தவனைப் படிக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தான், எப்படியோ வாயில் வந்துவிட்டது, அவள் சிரித்தாள், ஐயோ பாவம், அவ்ளோவா ஆட்டிகீறான். பஸ்ஸைத் தவறவிட்ட பூதத்துக்கு இன்னும் சிரித்தாள். தமிழ்செல்வியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏஞ்சல் அடுப்பங்கரை வாசலில் நின்று தலையாட்டினாள், போதும் என்பதுபோல. போதும்தான், போனைச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம், ஆனால் எல்லாத்தையும் படி என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாளே, இதை மறைத்தால் இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த முகத்தைப் பார்ப்பது... அவன் பூவராகவனையும் படித்தான். "உன்னத்தான் கூப்டுகீறான்" என்றாள் கங்கம்மா. பிறகு, இதுவரை படத்தைப் பார்க்கமாட்டேன், பார்க்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கையை நீட்டினாள். "படம் வேணாம். அந்தக் கொரல மட்டும் போடு."

ஏஞ்சல் உள்ளே போய்விட்டாள். அண்ணன் விட்டுப்போன துண்டுகளை ஒரு வருஷம் ஒட்டியவள், அந்த இடத்தை எத்தனை முறை ஓட்டிக் கேட்டிருப்பாள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்னிடம்... ஸ்டீவன் ஹெட்போனை அம்மாவின் காதில் சொருகி ஓட்டினான். அவள் கண்ணை மூடி, சர்ச்சில் தலை குனிவதுபோலக் குனிந்து கேட்டாள். முடிந்ததும், இன்னொரு வாட்டி. மூன்றாவது முறை முடிந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை, முகத்தில் ஏதோ இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. "அவன் கூப்ட்டதும் அது கத்தறத நிறுத்திட்ச்சு பாத்தியா. ஒரே ஒரு மூச்சு. அப்பால மறுபடியும் கத்துது." அவள் அவன் கையைத் தடவினாள். "உனுக்குக் கேட்டுகீது நைனா. எம்புள்ள தனியா வுயல, பக்கத்துல நீ கேட்டுக்கினுதான் இருந்துகீற. அது போதும் எனுக்கு." ஸ்டீவன் ஹெட்போனைத் தன் காதுக்கு மாற்றி மறுபடியும் ஓட்டினான். உறுமல், காற்று, டேய் ஸ்டீவா... ஆமாம், அங்கே ஒரு மூச்சு அளவுக்கு உறுமல் இல்லை. வெறும் காற்று. பிறகு தொடங்குகிறது, முன்பைவிடப் பெரிதாக. மூச்சு வாங்க நிறுத்தியிருக்கலாம், நாற்பதில் எந்த எண்ணில் இருந்தோம், இருபதா, இருபத்தொன்றா, அந்த ஒரு மூச்சில் அந்த ஸ்பாஞ்சுக்குள் இருந்தவன் என்ன நினைத்தான், டேக் கெட்டுவிடும் என்று நினைத்தானா... அம்மா கையை விடவில்லை, கேட்டுச்சு இல்ல நைனா, என்று மறுபடியும் கேட்டாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டுச்சும்மா என்றான், சொல்லிவிட்ட பிறகுதான் அது பொய்யில்லை என்று தோன்றியது.