சும்மா இருக்க ஓர் இடம்

1

இந்தக் கதை ஒரு தேர்தல் நோட்டீஸிலிருந்து வந்தது, ஒப்புக்கொள்கிறேன். பொன்னேரியில் ரயிலேறிய ஒரு பெண் அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். ஊராட்சித் தலைவர் தேர்தல், பூட்டு சாவி சின்னம். குடிநீர், தெருவிளக்கு, கால்வாய் என்று வழக்கமான மூன்று வாக்குறுதிகள். நான்காவது: ‘சும்மா இருக்க ஓர் இடம்.’

நடுவில் ஏதோ வார்த்தை விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். “அச்சுப் பிழைங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், கரெக்டாத்தான் போட்டுகீறாங்க” என்றார், விசிறலை நிறுத்தாமல்.

கும்மிடிப்பூண்டியில் நோட்டீஸோடு இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘சிப்காட் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—’

வேண்டாம். நான் சூரியனை எழுப்பிய கதை எதுவும் அதற்கு மேல் நகர்ந்ததில்லை.

2 (மறுபடியும்)

சுமலதா ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் பதினோரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். [‘நின்றுகொண்டே’ என்பதை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அது இல்லாமல் அவள் இல்லை.] முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டாள். தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொன்னபோது புருஷன் சரவணகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இம்மாம் வருஷம் நின்னது பத்தாதா? எலெக்ஷன்ல வேற நிக்கணுமா?”

“குந்தறதுக்குத்தான்யா நிக்கிறேன்” என்றாள் சுமலதா.

ஊரில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்துக்குத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. விடிகாலையில் ஏ-ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களைக் கம்பெனி பஸ் ரெண்டே முக்காலுக்கு இறக்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை ஆகும். அந்த இடைவெளியில் தினமும் கூடத்தைத் திறந்து வைப்பது, உள்ளே பாயும் ஃபேனும் குடிதண்ணீரும் மட்டும் வைப்பது. இவ்வளவுதான் அவளுடைய கலை, பண்பாட்டுக் கொள்கை.

3

எதிர் வேட்பாளர் ஆதிகேசவனை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன், மனுஷர் நல்லவர். ஆடித் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா, பசங்களுக்கு வாலிபால் கிரவுண்டு, பெண்களுக்குக் கோலப்போட்டி என்று பட்டியலோடு வந்தவர். டீக்கடையில் சுமலதாவைப் பார்த்ததும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

“கோலப்போட்டின்னா அதுல ஒரு கலை கீது. சும்மா குந்திகினு கீறதுக்கு ஒரு ஹாலா? அத்த ஊட்லயே பண்ணலாமேம்மா!”

கடையே சிரித்தது. “பூட்டுக்கு ஓட்டு போட்டா பூட்டு எப்டி தொறக்கும்?” என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார்.

(இதற்குச் சுமலதாவை என்ன சொல்ல வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் கதை அங்கேயே கிடந்தது.) கடைசியில் கூட வந்திருந்த பழைய கம்பெனித் தோழி ஜெனிபர்தான் காப்பாற்றினாள்.

“ஊட்லயா? ஊட்ல குந்துனா மொதல்ல கண்ணுல படறதே கழுவாத குண்டான்தான், அண்ணே.”

4

மறுநாள் ரெண்டே முக்காலுக்கு, பூட்டிய கூடத்தின் வராண்டாவில் சுமலதா பாய் விரித்தாள். மைக் இல்லை, கோஷம் இல்லை. பஸ் வந்து நின்றது. கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஜெனிபர் வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். சிலர் காலை நீட்டிக்கொண்டார்கள், ஒருத்தி சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். யாரும் கீரை ஆயவில்லை. பூ கட்டவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை.

சுமலதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பதினோரு வருஷப் பழக்கத்தில் இவர்கள் கை சும்மா இருந்து அவள் பார்த்ததே கிடையாது. இப்போது அத்தனை கைகளும் மடியில் கிடந்தன. கோயிலில் திரை விலகினதும் தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுமே, அப்படி இருந்தது அவளுக்கு. தானும் பக்கத்தில் உட்காரலாம் என்பதே மறந்து, நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

[அடிக்குறிப்பு மாதிரி: தான் இட்டுக்கட்டியதைப் பார்த்து எழுதுகிறவனே வாய் பிளக்கக் கூடாது என்பார்கள். பிளந்தேன். சாமியார்கள் காடு மலை ஏறித் தேடியதை ஏ-ஷிப்ட் முடித்து வந்தவர்கள் ஒரு பாயில் கண்டுபிடித்துவிட்டார்கள்.]

அன்றிலிருந்து தினமும் வந்தார்கள். மழை வந்தால் சாரலில் நனைவார்கள். கதவு பின்னாலேயே பூட்டிக் கிடந்தது. ஜெயித்தால் சாவி கைக்கு வரும், தோற்றால் அஞ்சு வருஷம் பூட்டுதான்.

5

வாக்கு எண்ணிக்கை பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆளுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினார்கள், அதேதான். [என் வசதிக்கு நான் செய்த வேலை என்பீர்கள். ஆமாம். ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் இது நடக்காததும் இல்லை.] இனி குலுக்கல். அதிகாரி இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி மடித்து, ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டார். வீடியோக்காரர் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

முடிவு (அ): சுமலதாவின் பெயர் வருகிறது, பூட்டு திறக்கிறது, எல்லோரும்— தித்திப்பு அதிகம்.

முடிவு (ஆ): ஆதிகேசவன் பெயர் வருகிறது. ஒருநாள் அவரே அலுத்துப்போய் அந்த வராண்டாவில் வந்து உட்கார்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. பிடித்திருக்கிறது என்பதற்காக நாற்பது பெண்களைத் தோற்கடிக்க எனக்கு மனசில்லை.

ஆகவே டப்பாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். சீட்டை நீங்களே எடுங்கள். அதற்கு முன்னால் ஒன்று.

சுமலதா வெளியே ஓடிவந்து, கேட்டில் நின்ற சரவணகுமாரிடமிருந்து போனை வாங்கி ஜெனிபரைக் கூப்பிட்டாள். மணி மூன்று, வராண்டாவில் பாய் விரித்திருக்கும் நேரம்.

“ஜெனி, ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டுடி. சீட்டு குலுக்கப் போறாங்க.”

மறுமுனையில் ஜெனிபர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யாரோ தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

“இன்னா வந்துச்சின்னு அப்பறமா சொல்லுக்கா. இப்ப நாங்க சும்மா கீறோம்.”

வைத்துவிட்டாள். சுமலதா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சிரித்தாள். உள்ளேயிருந்து அதிகாரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “தோ வரேன் சார்” என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்தாள்.