யாகப்பனுக்கு ஒரு குவளைப் பானகம்

“சப்பரத்து மணி எனக்குத்தானக்கா?” என்று விடிந்தது முதல் யாகப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“உனக்கேதான்டா, ராசா!” என்றாள் புஷ்பமேரி. அன்று மாதா திருவிழா; அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை. நல்லம்பள்ளிக்கு அருகே, மனவளர்ச்சி குன்றியோருக்காகக் கன்னியர் நடத்திய இல்லத்தில் அவள் பணிப்பெண். முப்பது வயது யாகப்பனுக்குச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டுத் திருவிழாவில் வீட்டுக்கு வீடு பானகம் வாங்கிக் குடித்து, மருத்துவமனையில் கிடந்தான். இம்முறையும் ஏதேனும் நேர்ந்தால் இனி அவனை வெளியே அனுப்புவதில்லை என்று தலைவி ராஜமேரி சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலையில் இன்சுலின் ஊசி போட்டு, இட்லித் தட்டை அவன்முன் வைத்தாள். அவன் உண்டு முடிக்கும்வரை அருகிலேயே நிற்பது அவள் வழக்கம். அன்றோ, மற்றவர்களுக்குப் புதுச்சட்டை மாட்டிவிட ஓடிவிட்டாள். திரும்பியபோது தட்டு காலி.

மேளம் முழங்கச் சப்பரம் புறப்பட்டது. முன்னே யாகப்பன்! டாண், டாண் என்று மணி கணீரென ஒலித்தது.

வழியில் பானகக் குடத்துடன் நின்ற விவசாயி நஞ்சப்பன், “அடே யாகப்பா, இந்தச் சத்தத்துக்கு எங்க மாடு கயித்த அறுத்துக்கிட்டு அரூருக்கே ஓடிரும்டா!” என்று கேலி செய்தார்.

யாகப்பன் சிரிக்கவில்லை. மணி ஒருமுறை தடுமாறிற்று; பிறகு நின்றே போயிற்று. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, கண்கள் எதையும் பாராமல் வெறித்தன.

புஷ்பமேரிக்குச் சட்டென விளங்கிற்று. சர்க்கரை இறங்கிவிட்டது!

“அண்ணா, பானகம் குடுங்க! சீக்கிரம்!”

நஞ்சப்பன் குடத்தை மறைத்துக்கொண்டார். “இவனுக்கு மட்டும் ஒரு சொட்டும் குடுக்காதீங்கன்னு நேத்து நீங்கதானம்மா சொல்லிட்டுப் போனீங்க?”

“அது வேற, இது வேறங்க! இப்ப இனிப்பு உள்ள போகலன்னா விழுந்துருவான்!”

குவளையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அவனை வேப்பமரத்தடியில் அமர்த்தி, விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து மிடறு மிடறாகப் புகட்டினாள். சப்பரம் காத்து நின்றது. மெல்ல மெல்ல அவன் முகம் தெளிந்தது.

“இட்லி தின்னியாடா?”

யாகப்பன் சட்டைப்பையிலிருந்து நசுங்கிய இட்லிகளை எடுத்தான். “பூசைல நன்மை அப்பம் வாங்கணுமில்ல? அதுக்கு முன்ன ஒண்ணும் தின்னக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜமேரி சிஸ்டர் வந்து நின்றார். புஷ்பமேரி முந்திக்கொண்டாள். “தப்பு எம்மேலதாங்க சிஸ்டர். இனிமே அவன வெளிய விடாம அடைச்சிராதீங்க.”

“எம்மேலயும்தான். நோன்பச் சொன்னேன், ஊசி போடறவங்களுக்கு அது இல்லன்னு சொன்னேனா?” என்ற சிஸ்டர் யாகப்பனிடம் குனிந்தார். “நீ தின்னுட்டே நன்மை வாங்கலாம்பா. இட்லிய முழுசாத் தின்னு. அப்புறம் மணி உனக்குத்தான்!”

“மெய்யாலுமா?”

இம்முறை புஷ்பமேரி அகலவில்லை. கடைசி வாய் இறங்கியதும் அவன் எழுந்து, மணியை ஓங்கி அடித்தான். டாண்!

நஞ்சப்பனின் மாடு உண்மையிலேயே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.