தனம் விட்ட வட்டி ஏலம்

கடலூர் துறைமுகத்தில் தனம் ஏலம் விட ஆரம்பித்தால் ஆற்றுக்கு அக்கரையில் தூங்குகிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். படகில் வந்து இறங்கும் மீனைக் கூடை கூடையாகக் கூவி விற்றுக்கொடுப்பது அவள் தொழில். பத்து ரூபாய் குறைத்துக் கேட்டவனின் பரம்பரையையே இழுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் பேங்குக்குள் நுழைந்தால் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சரிங்க சார்" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. சம்பளச் சீட்டு இல்லாத மீன்காரிக்கு வீட்டுக்கடனா என்று எல்லோரும் கைவிரித்தபோது அந்த பேங்க்தான் கொடுத்தது. சோனாங்குப்பத்தில் அவள் வீடு எழும்பியது அந்தப் பணத்தில். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? ஆறு வருடமாக மாதம் பதின்மூவாயிரத்து அறுநூற்றறுபது ரூபாயை ஒரு நாள் பிந்தாமல் கட்டினாள். அப்படியும் அசல் பன்னிரண்டு லட்சம் நின்றது. இன்னும் பதினாலு வருடம் பாக்கி.

அவளை அரித்தது பணமல்ல, வருடக் கணக்கு. புருஷன் கண்ணாயிரத்துக்கு நாற்பத்தாறு வயது. போன ஐப்பசியில் வலை இழுக்கும்போது தோள் பிசகியதிலிருந்து இடது கை மேலே போவதில்லை. வெளியே சொல்ல மாட்டான். சட்டை மாட்டும்போது முகம் சுளிப்பதில் அவளுக்குத் தெரிந்துவிடும். கடன் தீரும்போது அவனுக்கு அறுபது. அந்தத் தோளோடு அறுபது வரை அவன் கடலுக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் காலை, சிதம்பரத்தில் மெஸ் நடத்தும் உத்திராபதி வழக்கம்போல் சங்கரா மீன் எடுக்க வந்தவர், பேச்சுவாக்கில் கேட்டார்.

"வூட்டுக்கடனுக்கு எவ்ளோம்மா வட்டி கட்ற?"

"பத்தரைண்ணே."

"அடப்பாவமே! நானும் அதே வருஷம் கட்ன வூடுதான். ஏழே முக்கா கட்றேன்."

தனத்துக்குச் சுருக்கென்றது. பக்கத்துக் கூடையில் அதே மீன் மலிவாகப் போகும்போது, இவள் ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் விலை கொடுத்திருக்கிறாள்! அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஏறினாள்.

மேலவீதியில் உத்திராபதியின் பேங்கில் வித்யா என்ற அதிகாரி, கடனை இங்கே மாற்றிக்கொண்டால் ஏழே முக்கால் வட்டி என்று எழுதியே கொடுத்தாள். கூடவே, "வீட்டு மேலயே இன்னும் மூணு லட்சம் சேத்து வாங்கிக்கலாங்க்கா" என்றாள்.

"கடன அடைக்க வந்தவகிட்டயே கடன் விக்கிறியே, நீயும் நல்ல ஏலக்காரிதான்" என்று தனம் சிரித்தாள். "அத வுடு. மாத்துறதுக்கு மொத்தம் எவ்ளோ செலவாவும்?"

வக்கீல், பத்திரம், மதிப்பீடு, பேங்க் கட்டணம் எல்லாம் கூட்டினால் இருபத்தைந்தாயிரம். தனம் தலையாட்டினாள். மீன் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவன் மடையன்; ஐஸும் வண்டிக்கூலியும் சேர்த்துத்தான் விலை.

மறுநாள் கடலூர் பேங்கில் மேனேஜர் ஸ்ரீதர் முன்னால், முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிதம்பரத்துக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"கணக்க முடிக்கிறதுக்கு லெட்டர் குடுங்க சார். நான் போறேன்."

ஸ்ரீதர் பதறினார். "என்னம்மா இது! நீங்க பழைய வட்டி முறையிலயே இருக்கீங்க. எழுதிக் குடுத்தா மாத்தித் தருவோமே. ஒன்பது போட்டுத் தரேன்."

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு வருடம் இவள் கூச்சப்பட்டது யாருக்கு லாபம்? தன்னையறியாமல் துறைமுகத்துக் குரல் கிளம்பியது.

"ஒம்போது ஒருதரம்!"

கவுன்ட்டரில் நின்றவர்கள் திரும்பினார்கள். பாஸ்புக் வரிசையில் நின்ற கலியமூர்த்தி என்ற பெரியவர், மேசைமேல் இருந்த காகிதத்தை எட்டிப் பார்த்து, "அங்க ஏழே முக்காங்கறான், இவரு ஒம்போதுங்கறாரே!" என்று எடுத்துக் கொடுத்தார்.

"ஒம்போது ரெண்டுதரம்!"

"இருங்கம்மா, இருங்க!" ஸ்ரீதர் மேலிடத்துக்குப் போன் போட்டார். வைக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு. மாத்துற செலவு ஐயாயிரம். அவ்வளவுதான் என்னால முடியும்."

கால் வட்டிக்காக இருபத்தைந்தாயிரம் செலவழித்துச் சிதம்பரம் போவதா, ஐயாயிரத்தோடு இங்கேயே இருப்பதா? தனத்துக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எட்டு மூணுதரம்!" என்றாள். வரிசை கைதட்டியது.

"தவணையக் குறைக்கவா, வருஷத்தக் குறைக்கவா?" என்றார் ஸ்ரீதர். "தவணையக் குறைச்சா மாசம் ஆயிரத்தி எழுநூறு மிச்சம். குறைக்காம பழைய தவணையையே கட்டினா பதினாலு வருஷம் பதினொண்ணாயிடும். இடையில கூடுதலாவும் கட்டலாம்."

"வருஷத்த" என்றாள், அவர் முடிக்கும் முன்பே.

வீட்டில் கண்ணாயிரத்துக்கு மனசு ஆறவில்லை. "ஊரக் கூட்டி ஏலம் வுட்டியாமே. கைக்கு ஒத்தப் பைசா வரலியே!"

"வாய மூடிக்கினு கேளுய்யா. இப்ப உன்ன ஏலம் வுடப் போறேன்." எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அறுவது வயசு வரிக்கும் கடலு. ஒருதரம்!"

அவன் சிரித்தான்.

"பேங்க்ல கொறச்சதுல அம்பத்தேழு. ரெண்டுதரம்!"

சிரிப்பு நின்றது. தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த கையும் நின்றது.

"மாசம் மூவாயிரம் கட்ற நகச்சீட்டு இந்த மாசத்தோட முடியிது. அடுத்த மாசத்துலேந்து அந்த மூவாயிரத்தையும் கடன்லயே போட்டுட்டா அம்பத்திநாலு. எட்டு வட்டி மிச்சமாவுது, எந்தச் சீட்டுக்காரன் குடுப்பான்? அம்பத்திநாலு வயசுல நீ கரையேறிடலாம்யா. கேக்கறவங்க யாராச்சும் உண்டா?"

கண்ணாயிரம் ஏலம் கேட்பவனைப் போல இடது கையைத் தூக்கினான். அது காது வரைக்கும்தான் வந்தது.

"நான் எடுத்துக்கறேன்" என்றான்.

தனம் அவன் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மூணுதரம்."