சப்பாத்துக்குள் நாய்வேளை

என் மனைவி இஸ்ஸதி இறந்து பல மாதங்களாகியும் அவளுடைய துணிச் சப்பாத்துகள் ஃபிளாட் வாசலிலேயே இருந்தன. கடற்கரைச் செடிகளை ஆராயத் தெலுக் கும்பாருக்கு அவற்றைத்தான் போட்டுக்கொண்டு போவாள். உள்ளே இன்னும் மணல் இருந்தது. நான் தொடவில்லை.

பக்கத்து வீட்டுச் சபூரா அக்காதான் முதலில் பார்த்தார்.

"தம்பி, சப்பாத்துல செடி மொளச்சிருக்கு லா! சாரல் பட்டிருக்கும். தூக்கிப் போட்டுரவா?"

"வேணாம்க்கா."

குனிந்து பார்த்தேன். நாய்வேளை. மஞ்சளாகப் பூக்கும் என்று இஸ்ஸதி காட்டியிருக்கிறாள். "ஒரு வருசம்கூட இருக்காதுங்க. அதுக்குள்ள பூத்து வெதை போட்டாகணும். வெயில் இல்லன்னா பாவம், பூக்காமலே போயிரும்."

எங்கள் வாசலில் வெயில் விழாது. செடி வெளிறி, சுவரில் சாய்ந்திருந்தது. வேர் துணிக்குள் இறங்கியிருந்ததால் பிடுங்கி நடவும் முடியாது. சப்பாத்தோடுதான் கொண்டுபோக வேண்டும்.

சில நாள் தள்ளிப்போட்டேன். இலைகள் உதிரத் தொடங்கியதும் தெலுக் கும்பாருக்குக் கொண்டுபோனேன். வெயில் படும் மேட்டில், செடி மட்டும் வெளியே தெரியும்படி சப்பாத்தைப் புதைத்தேன். கையால்தான் மண் தள்ளினேன், அவளை அடக்கம் செய்த அன்று தள்ளியதைப் போலவே.

திரும்பி வந்தபோது மற்றச் சப்பாத்து வாசலில் தனியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் என் சப்பாத்தைக் கழற்றி வைக்க முடியவில்லை. போட்டபடியே வீட்டுக்குள் போனேன்.