திரைக்குக் கீழே தெரிந்த செருப்புகள்

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலிக்காரர்கள், இருமல்காரர்கள் எல்லோருக்கும் தேவலையா? எனக்கு ஒன்றும் குறைவில்லை. பேத்திதான் மாடிப்படியில் தாவிக் காலை முறித்துக்கொண்டாள். அவளுக்குத் துணையாகக் குழந்தைகள் வார்டில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மத்தியான நேரம். ஒரு சிறுமியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். எட்டு, ஒன்பது வயதிருக்கும். ரெட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கூடவே வீடே வந்திருந்தது: அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, சித்தி, தாத்தா. பிள்ளை வீட்டிலிருந்த ஏதோ மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். எது என்று யாருக்கும் தெரியவில்லை. நாடி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

இளவயது டாக்டர் ஒருவர் கால்மாட்டில் நின்று கேட்டார். "என்ன மாத்திரை சாப்பிட்ட? வாயத் திறந்து சொல்லு. சொன்னாத்தானே மருந்து கொடுக்க முடியும்?"

அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. எல்லாக் கட்டிலிலும் பேச்சு நின்றுபோயிற்று. பொய் சொல்வானேன், நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கேக்குறாங்கல்ல, சொல்லேன்டி. கல்லுளிமங்கி" என்றாள் அத்தை.

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க. பயந்துடுவா" என்றாள் அம்மா.

"நான் சும்மா இருந்தா மட்டும் உன் பொண்ணு முத்த உதிர்த்துடுவாளா?"

"எங்க வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது டாக்டர்" என்றார் அப்பா. "எதுன்னாலும் நேரா என்கிட்ட வந்து சொல்லிடுவா."

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பெரிய டாக்டரம்மா வந்தார். தலைமாட்டில் நாடித்துடிப்புக்கு ஒலி எழுப்பிக்கொண்டிருந்த மெஷினை ஒரு தடவை பார்த்தார்.

"ரத்தம் பரிசோதனைக்குப் போயாச்சா?"

"அனுப்பிட்டேன் டாக்டர். வர நேரமாகும்" என்றாள் நர்ஸ்.

வீட்டில் யார் யாருக்கு மாத்திரை என்று விசாரித்தார். தாத்தாவுக்கு இதயத்துக்கு, அத்தைக்கு ரத்த அழுத்தத்துக்கு, சித்திக்குத் தூக்கத்துக்கு. ஆளாளுக்கு, என்னுடையது பத்திரமாக இருக்கிறது என்று சாதித்தார்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மருந்து. மாத்திப் போட்டா..." டாக்டரம்மா அதற்கு மேல் சொல்லவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தார். அவர்கள் எங்கே போனார்கள், திரையை உரசிக்கொண்டுதான் நின்றார்கள். என் பக்கத்தில் திரையின் வளையம் இரண்டு உடைந்து ஒரு சந்து விட்டிருந்தது.

பிள்ளை லேசாகக் கண் திறந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். திரை தரை வரைக்கும் இல்லை. அதன் அடியில் செருப்புகள் வரிசையாகத் தெரிந்தன.

டாக்டரம்மா தலையணை மட்டத்துக்குக் குனிந்து, அவள் பார்த்த இடத்தையே பார்த்தார். வெளியே நின்றவர்களை ஒரு வார்த்தை அதட்டவில்லை. கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் வட்டத்தைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல பேசினா எனக்கு மட்டும்தான் கேட்கும். அந்தப் பக்கம் ஒரு எழுத்துகூடப் போகாது. ஆனா மெதுவா பேசணும் கண்ணு. கத்தினா என் காது போயிடும். அப்புறம் எனக்கே ஒரு டாக்டரத் தேடணும்."

பிள்ளையின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"யார் கொடுத்தா, ஏன் சாப்பிட்டேன்னு நான் கேட்கல. எந்த மாத்திரை, அது மட்டும் போதும். அம்மா அப்பாகிட்ட நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா, முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

மெஷின் சத்தம் இன்னும் இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிள்ளையின் இமை சொருகிற்று. நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"என்னதான் சொல்றா? எங்களுக்குத் தெரியாம அப்படி என்ன ரகசியம்?" அத்தையின் குரல். திரை விலகி வளையல் போட்ட கை ஒன்று உள்ளே வந்தது. நர்ஸ் திரும்பாமலேயே இன்னொரு கையால் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா."

பிள்ளை அந்த வட்டத்தை வாயோடு ஒட்டினாள். உதடு அசைந்தது. எனக்கு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"என்ன நிறம்?"

மறுபடி உதடு அசைந்தது.

"சமத்து."

நர்ஸின் காதில் ஏதோ சொன்னார். அவள் ஓடினாள். அப்புறம் அந்தச் சந்து வழியே டாக்டரம்மாவின் கண் என் மேல் விழுந்தது.

"பாட்டிம்மா, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். என் பேத்தியும் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். பார்க்க ஒன்றுமில்லாதபோது அந்த மெஷின் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. ஒன்று அடிக்கும். அடுத்தது வருமா என்று காத்திருப்பேன். வரும். மனசுக்குள் பெயர் தெரியாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். ஊசி போட்டு வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தது.

திரை விலகியதும் அப்பா கேட்டார். "எங்ககிட்ட சொல்லாதத உங்ககிட்ட என்ன டாக்டர் சொன்னா?"

"பிழைச்சுக்கிட்டா. எந்த மாத்திரைன்னு உங்க ரெண்டு பேருக்கும் என் அறையில சொல்றேன். பாப்பாகிட்ட கேட்டேன், சரின்னுட்டா. மத்தத அவளா சொல்றப்ப கேளுங்க. தோண்டாதீங்க."

"நான் அத்தை. நான் வரக் கூடாதா?"

"கூடாதும்மா."

அத்தை நேரே என்னிடம் வந்தாள். "பக்கத்துலயேதானே இருந்தீங்க. காதுல விழுந்திருக்குமே."

"விழலம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் நிஜமாகவே விழவில்லை.

அந்த வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் அவர் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, போர்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினார். அவள் கண் திறக்காமலேயே கையால் துழாவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் தோள் குலுங்கிற்று.

யார் என்று எழுத மாட்டேன். எனக்கென்று யாரும் சொன்ன விஷயமில்லை அது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியில் யாராவது இப்படி மானத்தோடு பார்த்துக்கொண்டார்களா? பார்க்காமல் போய் மனசு நொந்ததுண்டா? எதுவானாலும் எழுதுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன். பிள்ளையின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.