அவன் இல்லாமல் ஓட வேண்டும்

இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து முந்நூறு. கிடங்கு முதலாளிக்குத் தம்பி தரவேண்டிய பாக்கி அது. உயிர் போய்விட்ட தம்பியின் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கியபோது, பெரியவனுக்கு அழுகைக்கு முன்னால் அந்தத் தொகைதான் வந்து நின்றது. அண்ணன் என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

"மெதுவா மாமா," என்றாள் தம்பி மனைவி. அவள் கால் பக்கம் பிடித்திருந்தாள்.

"மெதுவாத்தாம்மா. கனமே இல்லியே இவன்."

காலமெல்லாம் மூட்டை சுமந்த தோள். எடையை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மூட்டைகூடத் தேறவில்லை. கட்டிலிலிருந்து எடுத்துக் கூடத்துப் பெஞ்சில் கிடத்தினார்கள். லேசாகத் திறந்திருந்த வாயை அவள் விரலால் மூடிவிட்டாள். அது மறுபடி திறந்துகொண்டது.

"பாருங்க, இப்பவும் மூடமாட்டேங்குறாரு," என்றாள். பிறகு உள்ளே போய், தம்பிக்கு மூச்சுக்காற்று தந்துகொண்டிருந்த இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். மாதக்கணக்காய் இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அப்போதுதான் அந்த வீட்டில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது பெரியவனுக்குக் கேட்டது.

தம்பி வேலை பார்த்ததும் பெரியவன் மூட்டை தூக்குகிற அதே குளிர்கிடங்கில்தான். பழப்பெட்டிகளை அடுக்கி வைக்கும் அறைகள். எந்த அறைக்கு எவ்வளவு குளிர், கதவு திறந்து கிடந்தால் எப்போது மணி அடிக்க வேண்டும், லாரியின் எடைச்சீட்டு எப்படி அச்சாக வேண்டும் என்று ஒவ்வொரு வேலைக்கும் தம்பி கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான். ஆபீசில் அவற்றுக்கு மாட்யூல் என்று பெயர். வீட்டில் 'பசங்க'. பிள்ளையில்லாத வீட்டில் அந்தப் பசங்களின் தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தன் படுத்துக்கொண்டால் இன்னொருத்தனும் படுப்பான். எழுப்ப வேண்டுமானால் கருப்புத் திரையில் ஏதேதோ தட்ட வேண்டும். அது தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். சோறு தின்னும்போதும் போன் வரும், குளிக்கும்போதும் வரும்.

நுரையீரல் கெட்டு அவன் படுத்த பிறகும் வந்தது. வைத்தியத்துக்கு முதலாளி முன்பணம் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்:

"உன்னத் தவிர யாருக்கும் தெரியாதுன்னா எப்படிப்பா? யாரு வேணா பாத்து அமுக்குற மாதிரி பண்ணிக் குடு. உன் கை படாம, உன் வாய் படாம, யாரும் சொல்லித்தராம, ஒரே ஒரு கோளாறு சரியாகட்டும். அன்னிக்கே மொத்தப் பாக்கியையும் அடிச்சுடறேன்."

அன்றிலிருந்து தம்பி மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்து, அந்தத் திரையைக் கட்டினான். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, புதுசாக்க வேண்டியிருந்தால் மஞ்சள். கட்டத்துக்குக் கீழே பொத்தான்கள். கட்டி முடிக்க முடிக்க, அண்ணனைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்வான்.

"எனக்கு என்னடா தெரியும்?"

"அதுக்குத்தாண்ணே. நீ தப்பா அமுக்குற மாதிரி உலகத்துல எவனும் அமுக்கமாட்டான்."

உண்மைதான். கிடங்கு லிப்டின் பொத்தான் முதல் தடவை பிடிக்காது. சுமை தூக்குகிற எல்லோரும் அதை மூன்று தடவை குத்துவார்கள். பெரியவன் திரையிலும் மூன்று தடவை குத்தினான். பையன் எழுந்து, படுத்து, மறுபடி எழுந்தான். தம்பி இருமல் வரும்வரை சிரித்தான். அப்புறம் ஒரு தடவை அமுக்கியதும் வேலை முடிகிறவரை பொத்தான் மங்கிப்போகும்படி மாற்றினான். "இப்ப குத்து. எத்தன குத்து வேணா குத்து."

பொத்தான்களில் எழுதியிருந்ததையும் அண்ணன்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்ட வேண்டும். ஒன்றில் பெரிய வார்த்தையாய் ஏதோ போட்டிருந்தான். பெரியவன் பாதியிலேயே நின்றுவிட்டான்.

"இது என்னடா பண்ணும்?"

"மாத்தினது சரிப்படலேன்னா, மாத்துறதுக்கு முந்தி இருந்ததையே கொண்டாந்துடும்."

"அப்ப பழையபடின்னு போடேன்."

தம்பி 'பழையபடி' என்று போட்டான்.

திரை முடிந்து, கிடங்கில் ஏறி, இரண்டு மாதம் ஆயிற்று. பாக்கி தீரவில்லை. கோளாறு வராமல் இல்லை. வந்தது. ஆனால் கிடங்கு சூப்பர்வைசருக்குக் கை பழகிவிட்டது. அவன் எப்போதும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பான், சுமைக்காரர்கள் வைத்த பெயரே 'கண்ணாடி'. சிவப்பைப் பார்த்ததும் கண்ணாடி திரையைப் படிக்க மாட்டான், போனை எடுப்பான். தம்பியும் விடமாட்டான். மூச்சு வாங்க வாங்க, எந்தப் பையன், எந்தப் பொத்தான் என்று சொல்லிவிடுவான்.

"வாய மூடிக்கிட்டு இருந்தா கடன் தீரும்," என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "ஒரு தரம், ஒரே ஒரு தரம் இருக்க முடியுதா உங்களால?"

"பழம் கெட்டுப்போயிடும்டி."

"யாரு வீட்டுப் பழம்?"

அவன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.

வெயில் ஏற ஏற ஆட்கள் வந்தார்கள். சுமைக்காரர்கள் ஆறேழு பேர் வேலை உடுப்போடு வந்து வாசலில் நின்றார்கள். ஒருவன் பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பிக்கு இன்னிக்குத்தான்யா லீவு கெடச்சிருக்கு," என்றான். பக்கத்தில் நின்றவன் அவன் முழங்கையைத் தட்டினான். பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது உள்ளறைக் கட்டிலில், தலையணைக்கு அடியிலிருந்து போன் அடித்தது. தம்பியின் போன்.

கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தம்பி மனைவி எழுந்தாள். "கிடங்குலருந்துதான். எடுக்காதீங்க மாமா."

"எடுக்கலேன்னா விடமாட்டாங்கம்மா." எடுத்தான். அவள் பின்னாலேயே உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, கண்ணாடி பேசறேன்," என்றது போன். தனக்கு வைத்த பெயர் அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. "விஷயம் தெரியும்ணே. மனசே சரியில்ல. தப்பா நெனைக்காதீங்க. நாலாம் அறை செவந்துபோச்சு. பழம் முழுக்க அதுலதான் இருக்கு."

"தம்பி இல்லியேப்பா."

"அதாண்ணே. நீங்கதான் கூட ஒக்காந்து எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தீங்களாமே. நீங்க சொல்லுங்க. காலைல குளிர் அளக்குற பையனப் புதுசாக்கினேன். மஞ்சளா காட்டுச்சு, புதுசாக்குன்னு இருந்துச்சு, அமுக்குனேன். அதுலருந்து நாலு எந்திரிக்க மாட்டேங்குது."

பெரியவனுக்குத் தெரிந்துவிட்டது. அளக்கிற பையனைப் பார்த்துத்தான் நாலாம் அறைக்காரன் ஓடுவான். அளக்கிறவனுக்குப் பழையபடி கொடுத்தால் போதும். ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் வந்துவிட்டது.

தம்பி மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பெட்டி பெட்டியாய்ப் பழம் அவன் கண்ணுக்குள் வியர்த்தது. அதை அடுக்கியவனும் அவன்தான்.

"என்னண்ணே, பேசமாட்டேங்குறீங்க? சரி, அழுவாதீங்க. இருங்க, என்ன போட்டிருக்குன்னு நானே பாக்கறேன்." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது. "நாலாம் அறை நின்றதற்குக் காரணம், அளக்கும் பையன். அப்படின்னு எழுதியிருக்குண்ணே! இது எப்பவுமே இருந்துச்சா?"

பெரியவன் மூச்சை விட்டான். அவ்வளவுதான்.

"கீழ, பழையபடின்னு ஒண்ணு இருக்கு. அமுக்கவா? அமுக்கிடறேன். ஒண்ணும் காணோமே. அமுக்கறேன்... அமுக்கறேன்... மூணு தரம் அமுக்கிட்டேண்ணே. மங்கிப்போயி கெடக்கு. கெடுத்துட்டேனா?"

தம்பி மனைவி என்ன என்று கண்ணாலேயே கேட்டாள். பெரியவன் கையைக் காட்டினான், பொறு என்று. கூடத்துக் கடிகாரம் கதவைத் தாண்டிக் கேட்டது.

"பச்ச!" என்று போன் கத்தியது. "அளக்குறவன் பச்ச. நாலும் பச்சண்ணே! மோட்டார் சத்தம் கேக்குது. ஒங்க தம்பி தெய்வம்ணே. சரி, நீங்க போயி ஆகவேண்டியதப் பாருங்க."

போன் அணைந்தது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு ஓரத்தில். நடுவில் தம்பி படுத்த இடம் குழிந்திருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லல இல்ல மாமா?"

"அண்ணேன்னு கூப்ட்டதுக்குக்கூட என்னான்னு கேக்கல."

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி வந்தார். பெஞ்சின் தலைமாட்டில் கைகட்டி நின்றார். அவருக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு பெரியவனை வாசல் ஓரமாய்க் கூட்டிப்போனார்.

"காலைல நாலாம் அறை நின்னுச்சாமே. நீதான் போன்ல சொல்லிச் சரி பண்ணியாம்?"

"யாருங்க சொன்னா?"

"சூப்பர்வைசர்தான். ஒனக்குப் போன் போட்டானாம், சரியாயிடுச்சுங்கறான்." பெரியவன் தோளில் கை வைத்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. ஒனக்கும் வயசாகுது, முதுகு முந்தி மாதிரி இல்ல. இனிமே மூட்டை வேணாம். தம்பி நாற்காலில நீ ஒக்காரு. நிழல்ல வேலை. சம்பளமும் ஏத்தித் தரேன். அந்தப் பாக்கிய மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமா புடிச்சுக்கறேன், ஒனக்கும் வலிக்காது."

காலையில் தம்பியைத் தூக்கியபோது இடுப்பில் ஒன்று பிடித்திருந்தது. இன்னும் விடவில்லை. நிழல் என்ற சொல்லைக் கேட்டதும் அது கொஞ்சம் கூடுதலாய் வலித்தது. அந்த நாற்காலியை மனக்கண்ணில் பார்த்தான். முதுகு சாய்கிற நாற்காலி, சுழலும்.

"நான் வாயே தெறக்கலீங்க," என்றான்.

"என்ன?"

"போன எடுத்தேன். தம்பி இல்லேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. திரைல இருந்ததப் படிச்சு அவரேதான் அமுக்குனாரு. வேணும்னா இப்பவே கேளுங்க."

முதலாளி அவனைப் பார்த்தார். போனை எடுத்துச் சற்றுத் தள்ளிப்போய்ப் பேசினார். "அவன் என்ன சொன்னான்? சரியா யோசிச்சுச் சொல்லு," என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே சொல்லலியாம். நீ அழுதிட்டிருந்தேன்னு நெனச்சானாம்."

"அழுவலீங்க."

"ம்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அவன் கை படாம, வாய் படாம. நான்தான் சொன்னேன்." செருப்பை மாட்டிக்கொண்டார். "இல்லேன்னு எப்படிச் சொல்றது? அடிச்சுடச் சொல்றேன். முழுசும். ஒன் கையெழுத்துப் போட்ட பத்திரத்த நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போ."

"நாளக்கழிச்சு வரேங்க. லோடு எறக்க வரும்போது."

முதலாளி தலையசைத்துப் படியிறங்கினார்.

பெரியவன் உள்ளே வந்தான். பெஞ்சுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். அவன் வலது உள்ளங்கையால் இடது உள்ளங்கையை ஒரு தடவை துடைத்துக் காட்டினான். அவள் புரிந்துகொண்டதாய்க் கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை தோளில் சரிந்தது.

"பாவம், அழுது அழுது மயங்கிட்டா," என்று ஒரு பெண் தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

"மயக்கம் இல்லம்மா. தூங்குது. விடுங்க," என்றான் பெரியவன்.

அவள் லேசாகக் குறட்டை விட்டாள். ஜன்னல் வெயில் நகர்ந்து அவள் பாதத்தில் விழுந்திருந்தது. பெரியவன் வாசலில் நின்ற சுமைக்காரர்களிடம் சத்தம் வேண்டாம் என்று விரலைக் காட்டிவிட்டு, போய் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினான்.