மேற்கைப் பார்த்து நிற்கும் கார்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது.

அப்போது அந்தக் கரையிலுள்ள சாய்ந்தமருதில், முபாறக் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் கரண்ட் இல்லை. பகலிலேயே போய்விட்டது. ஆனால் மேல்மாடியில் அவன் மனைவி றஹீமாவின் ஒட்சிசன் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் வயர் ஜன்னல் வழியாக இறங்கி, வாசலில் நின்ற ஹைபிரிட் காரின் டிக்கிக்குள் போயிருந்தது. கார் பெற்றரியிலிருந்து வீட்டுக் கரண்ட் எடுக்க அங்கே ஓர் இன்வேட்டரை முபாறக் பொருத்தியிருந்தான்.

2004 சுனாமியில் கடல் றஹீமாவின் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நெஞ்சு தேறவேயில்லை. கடைசி இரண்டு வருடமாக மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது. சண்டை முடிந்து, கொழும்பு ரோட்டில் சோதனைச் சாவடிகள் குறைந்த பிறகு முபாறக் இந்தக் காரை வாங்கினான். கரண்ட் போனால் மெஷினுக்கு வேண்டும் என்பதற்காகவே ஹைபிரிட் பார்த்து வாங்கினான்.

முதல் நாள் மெஷின் வயரைச் செருகிக் காரை ஓடவிட்டுக் காட்டியபோது, பக்கத்து வீட்டில் கலியாணம் முடித்திருந்த றஹீமாவின் தம்பி காலிதீன் சிரித்தான்.

"என்ன மச்சான், இது ஓடுதா, மவுத்தாப் போச்சா? சத்தத்தையே காணல்ல."

"உள்ளுக்கு பெற்றரி ஓடுது. அது இறங்கினா எஞ்சின் தானா எழும்பும்."

"உங்களப் போலதான். ராத்தா கத்தினாத்தான் எழும்புவீங்க."

மாடி ஜன்னலில் அவன் ராத்தா றஹீமா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் கழித்துத்தான் அடங்கியது. அதற்குள் கீழே எஞ்சின் உறுமத் தொடங்கியிருந்தது. "ஆ, இப்ப வேல செய்யுது," என்றான் காலிதீன். எஞ்சின் சத்தம் கேட்டால்தான் மெஷினுக்குக் கரண்ட் போகிறது என்று அவன் மனதில் பதிந்தது.

அந்த ஒழுங்கையில் எல்லா வாகனமும் கடலுக்கு முதுகுகாட்டி மேற்கைப் பார்த்துத்தான் நிற்கும். திறப்பு சாவித் துளையிலேயே இருக்கும். தண்ணீர் வருகிறது என்றால் எந்த வாகனம் கிட்ட நிற்கிறதோ அதைக் கிட்ட நிற்கிறவர் எடுக்கலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை, பிள்ளைகள் முதலில் ஏற வேண்டும். 2005இல் பள்ளிவாசலில் எழுந்து நின்று இந்த ஏற்பாட்டைச் சொன்னவன் முபாறக்தான். அவனுடைய வேன் 2004 டிசம்பரில் வாசலிலேயே பூட்டிக் கிடந்தது. திறப்பு அம்பாறையில் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் பிள்ளைகள் இருவரும் வேனுக்குப் பக்கத்தில்தான் உயிரில்லாமல் கிடந்தார்கள். அவன் சொன்னதற்கு அன்று யாரும் மறுத்துப் பேசவில்லை.

பள்ளிவாசலில் ஜெனரேட்டர் இருந்ததால் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கேட்டது. ஒழுங்கை முழுக்க ஓடத் தொடங்கியது.

"வா புள்ள, போவம்," என்றான் முபாறக்.

"முக்காட்ட எடுங்க."

மெஷினைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். அது நின்றால் சற்று நேரத்தில் அவள் உதடு நீலம் பாரித்துவிடும். முதலில் முக்காடு, பிறகு அவளைத் தூக்குவது, மெஷினைக் காருக்குள் வைத்து அங்கேயே செருகுவது. அவன் இதை மனதுக்குள் பலமுறை செய்து பார்த்திருந்தான். அலுமாரியைத் திறந்தான்.

பின்னால் மெஷின் கீச்சென்று கத்தியது. திரும்பியபோது மெஷினிலிருந்து கழன்ற வயர் தரையில் இழுபட்டு ஜன்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தான். கார் ஒழுங்கை முனையில் திரும்பியது, ஓட்டுகிற இடத்தில் காலிதீன். பின் கண்ணாடி நிறையப் பிள்ளைகளின் தலைகள். வயர் மண்ணில் புரண்டு காரின் பின்னால் போனது.

கத்தினான். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

றஹீமாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். ஆட்டோக்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். காலிதீனுக்குப் போன் எடுத்தான், லைன் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்தான், அதுவும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை. கடைக்காரர் விட்டுப்போன பிளாஸ்டிக் கதிரையில் அவளை இருத்தி, முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றான்.

"ஆரு... கொண்டு போன?"

"தம்பி. காலிதீன்."

"புள்ளயள் ஏறிட்டுகளா?"

"ஓம்."

"எல்லாருமா?"

"ஓம். காறு நிறைய."

அவள் தலையை ஆட்டினாள். முபாறக் கடல் பக்கம் பார்த்தான். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிற்பகல் அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் தோள் அசையாமல் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் எச்சரிக்கை விலக்கப்பட்டது. வயல் பக்கமிருந்து ஆட்கள் திரும்பினார்கள். காலிதீனின் மனைவி சுபைறா பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் காரிலிருந்து இறக்கினாள். டிக்கி இடுக்கில் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. காலிதீன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தான்.

"சத்தம் இல்லையே மச்சான்," என்றான். "எஞ்சின் சும்மா கிடந்திச்சு. ராத்தாக்கு கரண்ட் போகுதெண்டா அது சத்தம் போடுமெல்லா? சும்மா நிக்குது எண்டுதானே நான்..."

"கிட்ட நிண்டா எடுக்கலாம் எண்டுதானே நானும் பள்ளியில சொன்ன," என்றான் முபாறக். "புள்ளயள் சாப்பிட்டுதுகளா?"

அலை வரவில்லை. ஒழுங்கையில் வேறு யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. றஹீமாவின் ஜனாஸா மறுநாள் காலை அடக்கப்பட்டது. காலிதீனும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். முபாறக் காரைக் கழுவி, மேற்கைப் பார்த்து நிறுத்தினான். திறப்பை எடுக்கவில்லை.